கண்ணாடியைக் கழட்டிவிட்டு வாங்கிய அடி

அந்த அக்கா என்னை முதன்முதலில் அடிப்பதற்கு முன்னால் சொன்னது, "கண்ணாடியக் கழட்டு" என்பதுதான்.

நான் கழட்டினேன். ஏன் கழட்டினேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு விளங்கவில்லை. முத்துப்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு கடைமடைக் கிராமம் அது. வரப்பில் நான். வயலுக்குள் நடவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிற இருபத்துமூன்று பெண்கள். கண்ணாடியில்லாத என் கண்ணுக்குப் பச்சையாக ஏதோ கிளம்புவது மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி முதுகில் ஒரு நாற்று முடி இறங்கியது. பறித்த நாற்றைக் கைப்பிடியளவு சேர்த்துக் கட்டிய கட்டைத்தான் முடி என்பார்கள், சேறும் தண்ணீருமாக ஊறிய முடி அது. சத்தம் பெரிதாகக் கேட்கும், காயம் இருக்காது, மூச்சு மட்டும் நாலு எண்ணுகிறவரை திரும்பாது. எந்த டாக்டரிடம் போனாலும் ஒன்றும் இல்லையே என்று அனுப்பிவிடுவார்.

காரணம் இல்லாமல் அடிக்கவில்லை. அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலையில் இருந்தேன். விவசாயக் கூலிகளுக்கு நாங்கள் செய்ததை எழுதுவது என் வேலை. செய்யாததையும் எழுதுவேன், அதற்குத்தான் சம்பளம். நடவு வயலைத் தாண்டிப் போகிற அந்நியனின் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்து மறிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். பத்து ரூபாய் கொடுத்திருந்தால் போயிருக்கலாம். நான் கஞ்சன். பையிலிருந்து எங்கள் நிறுவனத்தின் வழவழப்பான ஆண்டு மலரை எடுத்து நீட்டினேன். அட்டையில் அந்த அக்காவின் படம். கையில் நாற்றோடு சிரிக்கிறார். கீழே 'எங்கள் திட்டத்தால் வாழ்வு மலர்ந்த பயனாளி' என்று நான் எழுதிய வரி.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்தாள். அக்கா, படம் எடுத்த அன்று எங்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஒரு டீ என்றார். அதிலும் சர்க்கரை இல்லை என்றாள் இன்னொருத்தி. பிறகுதான் கண்ணாடி.

ஒரு அடியோடு முடிந்தது என்று நினைத்து நான் கண்ணாடியை மாட்டப் போனேன். "இரு" என்றார். மலரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். உள்ளே அவர் படம் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று முகம். இன்னொன்று குனிந்து நடுகிற முதுகு. முதுகைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பெண்களுக்குள் விவாதம் நடந்தது. என் முதுகு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அக்கா தீர்ப்பு சொன்னார்: "முதுகும் எம்முதுகுதான." ஆக மூன்று. நான்காவது இல்லை. அடித்து முடித்ததும் முடியை வயலில் அலசி, பிரித்து, அதே நாற்றை வரிசையில் நட்டுவிட்டார். என்னை அடித்த நாற்று அந்த வருஷம் நெல்லாகியிருக்கும். யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.

தஞ்சாவூர் திரும்பி எங்கள் இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பதறிப்போய்க் கேட்டது, "போட்டோ எடுத்தீங்களா?" அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு மாதச் சம்பளம் வாங்கிவிட்டுத்தான் விட்டேன்.

அந்த அக்காவைப் பற்றி எதைச் சொன்னாலும் இந்த அளவில்தான் வந்து நிற்கும். கோபக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. பட்ட அடி எங்கே, எதனால், எத்தனை என்று கேட்பார். அதே இடத்தில், அதே சாமானால், அத்தனையே திருப்பிக் கொடுப்பார். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடி வாங்குகிறவர் உடம்பில் சம்பந்தமில்லாத பொருள் எதுவும் சேதமாகக் கூடாது. என் கண்ணாடி எந்தப் பாவமும் செய்யவில்லை அல்லவா.

அவர்களுடைய நடவுப் பெண்கள் சங்கத்துக்கு அதுதான் சட்டம். சங்கத்தில் ஒருத்தி அடிபட்டால் மறுநாள் உச்சிவேளைக்குள் அத்தனை பேரும் நடவுக்கு நிற்கிற வரிசை மாறாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வேலையை விட்ட பிறகு அந்த ஊருக்கு அடிக்கடி போய்வர ஆரம்பித்திருந்தேன், ஒருமுறை நானும் கூடப் போனேன். குடித்துவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டியின் இடது செவிட்டில் அறைந்திருந்தான். காதில் ரத்தம் உறைந்திருந்தது. அக்கா அவளிடம் கையை விரித்தா, மடக்கியா என்று கேட்டார். விரித்து என்றாள். ஒரு தடவையா என்றார். இரண்டு என்றாள். வரிசையில் முதல் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவன் வாசல்படியில் சரிந்து உட்கார்ந்தபோது காதிலிருந்து கழுத்துவரை ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. மற்ற பெண்கள் வேடிக்கைகூடப் பார்க்காமல் திரும்பி நடந்தார்கள். மதிய நடவு பாக்கி இருந்தது.

அவனுக்கு அந்தக் காது போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து அவன் பெண்டாட்டி வந்து, ஒவ்வொன்றையும் கத்திக் கத்திச் சொல்லித் தன் தொண்டை போய்விட்டதாகக் குறைப்பட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தனியாக இருக்கும்போது, கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று அக்காவிடம் இழுத்தேன்.

"அவளுக்கு அந்தக் காது கேக்குதா?" என்றார்.

"இல்லக்கா."

"அப்ப சரியாத்தான இருக்கு."

அந்த 'சரியா' எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் அங்கே போவதை நான் நிறுத்தவில்லை.

வேலையில்லாமல் மன்னார்குடியில், பெரிய குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறையில் நான் இருந்தேன். அக்கா அங்கே வந்துதான் நடவு மிஷின் பற்றிச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் ஒருவர் ஆறு நடவு மிஷின்கள் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊரே அவரை மிஷின்காரர் என்றது. ஒரு மிஷின் ஒரு நாளில் நட்டுத் தள்ளுவதை இந்தப் பெண்கள் வாரக்கணக்கில் நட வேண்டும். வருஷத்துக்கு வருஷம் வேலை சுருங்கியது. வேறு ஊராக இருந்தால் மிஷினை மறித்திருப்பார்கள், கொளுத்தியிருப்பார்கள். அக்கா கேட்டது வேறு.

"மிஷினு வந்தது வந்ததுதான். அது எங்களுதா இருந்துட்டுப் போவட்டுமே. அதுக்கு என்ன எழுதணுமோ எழுது தம்பி."

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையில் ஒரு அறக்கட்டளை புதிதாக நிதி அறிவித்திருந்தது. இதுவரை யாரிடமும் எதுவும் வாங்காத, பெரிய நிறுவனங்களின் நிழலில் பெயர் தெரியாமல் கிடக்கிற சின்னச் சங்கங்களுக்கு மட்டும். படிவத்தில் 'முன்பு பெற்ற உதவிகள்' என்று ஒரு பக்கம். அதைக் காலியாக விட்டால்தான் தகுதி. என் தொழில் வாழ்க்கையில் பொய் சொல்லாமல் நிரப்பிய ஒரே பக்கம் அதுதான்.

அடுத்த பக்கத்தில் என் பழைய கை அரிக்க ஆரம்பித்தது. 'உறுப்பினர்களின் குறைகளை உங்கள் அமைப்பு எவ்வாறு தீர்க்கிறது?' நான் எழுதினேன்: 'பாதிக்கப்பட்டவரின் முன்னிலையில் அனைவரும் ஒன்றுகூடி, இழப்புக்கு ஈடானதைத் தவறு செய்தவரே உணரச் செய்யும் மரபான முறையைப் பின்பற்றுகிறோம்.' ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அறக்கட்டளை அதிகாரி போனில் கூப்பிட்டு, இந்தப் பதில் தன்னை மிகவும் நெகிழ வைத்ததாகவும், நேரில் வந்து அந்த முறையைப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். நான் பெருமையில் மிதந்தேன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அடுத்த வாரம் செய்தேன். மிஷினுக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும். இரண்டு கிடைத்தன. மூன்றாவது கிடைக்காமல் அலைந்து, வெயிலில் சோர்ந்து, கண்ணில் பட்ட ஒரு கடையில் நுழைந்தேன். கடைக்காரர் மோர் கொடுத்தார். எந்தச் சங்கம், எந்த ஊர், யார் தலைவி, எப்போது மிஷின் வரும் என்று அன்பாக விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் மிஷின்காரரின் மச்சான்.

நாலாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். மிஷின் வருவதற்குள் பழகிக்கொள்ள, அதற்குத் தோதாக அந்தப் பெண்கள் முதல்முறையாகப் போட்டிருந்த பாய் நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முடியாகக் கட்டாமல், மண்ணோடு பாயைப்போலச் சுருட்டி எடுக்கிற நாற்று அது. ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். நேராக நாற்றங்காலுக்குள் இறங்கி மிதித்தார்கள். தடுக்கப் போன ஒருத்தியின் கூந்தலைப் பிடித்துத் தரையில் அடித்தார்கள். நெற்றிக்கு மேலே தோல் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது. அக்கா அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தலையைக் காக்க வலது கையை உயர்த்தியிருந்தார். ஒருவன் இரும்புப் பைப்பால் அந்தக் கையில் அடித்தான். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில். ஒரே அடி. கை அந்த இடத்தில், மடங்கக் கூடாத இடத்தில், மடங்கியது.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். வேலிகாத்தான் புதருக்குள் இருந்தேன். முள் குத்தியதற்குப் பிறகு தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த அக்காவிடம் விலைப்புள்ளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், கண்ணாடியைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லையே.

"உனக்கு அப்பறம்" என்றார்.

போலீசில் புகார் கொடுத்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள். மிதித்தவர்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அடித்த பைப்பை அவர்கள் நாற்றங்காலிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா அதைக் கழுவி, துடைத்து, துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவி, வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார். அதைப் பார்த்தும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அதற்குள் அறக்கட்டளை அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல பெண்மணி. சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அந்த மரபான முறையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதும் பெண்களுக்கு ஒரே குஷி. வரிசையாக நின்றார்கள். புருஷனாக யார் நிற்பது என்று பார்த்தார்கள். நான் கண்ணாடியைக் கழட்டினேன். முதல் நாற்று முடி விழுந்ததும் அதிகாரி தன் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவதில் நிறுத்தச் சொன்னார். அக்கா, அந்தக் காது போனவனையும் கூட்டிவந்து நிறுத்தி, கணக்கு சரியாக இருந்ததை விளக்கினார். அதிகாரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

நிதி கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் தனியாக வரப்பில் நின்று அழுதுவிட்டு வந்தார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தானே இந்த நிதியே என்று தன் தலைமையிடம் போனில் வாதாடினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். சங்கத்தில் எந்த உறுப்பினரும் இனி யார்மீதும் கை வைக்க மாட்டோம் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி மீறினாலும் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

"எங்கள யாரும் அடிக்க மாட்டாங்கன்னு யாரும்மா எழுதித் தருவா?" என்று அக்கா கேட்டார்.

அதிகாரி தலை குனிந்து, "என்னால முடியாதுங்க" என்றார். அந்த நேர்மை அக்காவுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பெண்களைப் பார்த்துப் போடச் சொன்னார். மற்ற இருபத்துமூன்று பேரும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். தாள் அவரிடம் வந்தபோது, கட்டுப்போட்ட வலது கையைக் காட்டி, நாளைக்குப் போடுகிறேன் என்றார். இடது கையால் கைநாட்டு வைக்கலாமே என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் மாடிப்படியில் ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. சங்கத்திலிருந்து விலகிக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். இன்றைய தேதி போடு, மணியும் போடு என்றார். தான் இருந்தால் நிதிக்கு இடைஞ்சல் என்று ஒதுங்குகிறார், என்ன தியாகம் என்று உருகி, 'அமைதியே சிறந்த வழி என்று உணர்ந்து' என ஆரம்பித்து எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அந்த அமைதிய அடிச்சுரு" என்றார். "பொய் எதுக்கு."

அடித்தேன். இடது கை கட்டைவிரலை வைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இன்னொரு காப்பி எடுத்து வைக்கவா என்று கேட்டேன். நல்லது என்றார். கடிதத்தைப் பேருந்து நிலையத்தில் காத்திருந்த படிக்கத் தெரிந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையோடு கடைத்தெருவுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை டீக்கடைக்காரர் நூறு பேருக்குச் சொல்லியிருப்பார், நானும் அவரிடம்தான் கேட்டேன். மிஷின்காரர் வழக்கம்போல நாலு பேரோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா போய் எதிரே நின்று வணக்கம் சொன்னார். பேசித் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் எதிர்ப் பெஞ்சைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை. வலது கையை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"எதுக்குடி? ஜோசியம் பாக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே அவர் கையை நீட்டி வைத்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"வாட்ச கழட்டிருங்க" என்றார் அக்கா.

அவர் கழட்டினார். ஏன் கழட்டினார் என்று அவருக்கும் விளங்கியிருக்காது. எனக்கு அந்த மனிதரோடு இருக்கிற ஒரே ஒற்றுமை இதுதான். மஞ்சள் பையிலிருந்து பைப் வந்தது. இடது கையால் ஒரே அடி. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில். காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி சத்தம் கேட்டதாம். டீ கிளாஸ்கள் அப்படியே இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. அவர் அலற ஆரம்பிப்பதற்குள் அக்கா பைப்பை மேசைமேல் வைத்து, "இது உங்களுது" என்றார்.

கூட இருந்தவர்கள் பாய்ந்து அக்காவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவிலும் வாயிலும் மிதித்தார்கள். இரண்டு பல் போனது. அவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தார், ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. டீக்கடைக்காரர் விலக்கிவிட்டபோது எழுந்து உட்கார்ந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, போலீஸ் வருகிறவரை பெஞ்சில் இருந்தாராம். அடித்தவன் பைப்பைப் பிடித்த கூலிதானே, ஏன் இவரை அடித்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "பைப்பும் கூலிக்குத்தான் வந்துச்சு. வேல குடுத்தது யாருங்க?" என்று கேட்டிருக்கிறார்.

விலகல் கடிதத்தில் காலை ஏழேகால் என்று போட்டிருந்தது. அடி விழுந்தது ஒன்பதுக்கு. சங்கத்தில் எந்த உறுப்பினரும் யார்மீதும் கை வைக்கவில்லை. மிஷின் வந்தது.

கடிதம் என் கையெழுத்தில் இருந்ததால் நான் இரண்டாம் குற்றவாளி. சதித் திட்டம் தீட்டியதாக எழுதியிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் திட்டம் எதையாவது தீட்டியதாக யாராவது நம்பியது அந்த ஒருமுறைதான். சிறையில் இருந்த நாட்களில் மற்ற கைதிகளுக்கு ஜாமீன் மனு எழுதிக் கொடுத்தேன். வெளியே வர எனக்கு ஒரு வாரம், அக்காவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அவர் வந்த வாரம்தான் சங்கத்து மிஷின் முதல் வயலில் இறங்கியது. புது நாற்றங்காலில் பாய் பாயாக நாற்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நெற்றித் தழும்புக்காரி மிஷின் ஓட்டினாள். நானும் அக்காவும் வரப்பில் நடந்து வந்தோம். பெண்கள் எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்கள். ஓடி வரப் போனவர்கள் ஓடி வரவில்லை. எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அக்காதான் பேசினார். "சங்கத்துல இல்லாதவ வரப்புல வந்தா என்ன செய்யணும்? மறந்து போச்சா?"

முடியாக எதுவும் கட்டவில்லையே அக்கா, பாய்தானே இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவள் முனகினாள். கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள்.

"அதுல ஒன்ன வையி."

அவள் ஒரு நாற்றுச் சுருளைத் தூக்கி வந்து அக்காவின் காலடியில் வைத்தாள். அக்கா வலது கையால் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது, விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் இழுக்கலாம் என்றால் முன்பல் இல்லை. இடது கையால் ரொம்ப நேரம் பிடித்து அவிழ்த்து, பத்து ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்தார். சுருளைத் தாண்டி நடந்தார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வரப்பு முடிகிற இடத்தில் நின்று என் பக்கம் திரும்பினார். 'உனக்கு அப்பறம்' எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் எதுவும் மறக்காது. அந்தக் கோணல் கைக்கு ஈடாக என் உடம்பில் எந்த இடம் சரிவரும் என்று சிறையில் ஒரு வாரமும் யோசித்திருந்தேன். கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். வயல், பெண்கள், மிஷின் எல்லாம் ஒரே பச்சையாகக் கலங்கின. அவர் உருவம் கிட்ட வந்து நின்றது. மூச்சு கேட்டது. தோளை இறுக்கிக்கொண்டேன்.

"மாட்டிக்க தம்பி" என்றார். "வரப்பு வழுக்குது."